பெரிதாக்கினால் தூசியும் பெரிதாகும்

அன்புக் கண்ணா,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது உனக்குக் கொடுத்த நீலக் கல்லை, செல்போனில் மாட்டும் சின்ன லென்ஸ் வழியாக எடுத்திருக்கிறாய். முன்பக்கம் தெளிவு, பின்பக்கம் வெறும் புகை, குறுக்கே ஒரு பஞ்சு இழை. "அத்தை, நல்ல கேமரா வாங்கினா சரியாயிடுமா?" என்று கேட்டிருக்கிறாய். ஆகாது. கேமரா நல்லதாக ஆக ஆக அந்தப் பஞ்சு இழைதான் இன்னும் துல்லியமாகத் தெரியும்.

இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உன் வயதில் எல்லாருக்கும் எதையாவது பெரிதாக்கிக் காட்டும் அவசரம் இருக்கிறது. எடுத்த படம், படித்த படிப்பு, பார்க்கிற வேலை, கடைசியில் தன்னையே. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உருப்பெருக்கிக்கு நல்லது கெட்டது தெரியாது. அழகைப் பத்து மடங்காக்கினால் அழுக்கையும் பத்து மடங்காக்கித்தான் கொடுக்கும். பெரிதாக்குவதற்கு முன்னால் யார் கண்ணிலும் படாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான். கடுகு சிறுத்தாலும் என்று ஆரம்பித்துவிடுவேனோ என்று பயப்படாதே, எனக்கும் அந்தப் பழமொழி அலுத்துவிட்டது.

உன்னிடம் இருக்கும் நீலத்துக்குப் பெயர் கேவன்சைட். கால்சியம், வெனேடியம், சிலிக்கன் எல்லாம் சேர்ந்த கனிமம். நீலம் வெனேடியம் கொடுத்தது. 1967இல் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் ஓவைஹீ அணைக்கட்டுப் பக்கம் முதலில் கண்ணில் பட்டது. 1973இல் புதிய கனிமம் என்று எழுதிப் பதிவு செய்தார்கள். அங்கே கிடைத்ததெல்லாம் சொற்பம். புனேவுக்குக் கிழக்கே, நகர் ரோட்டில், வாகோலியின் கல் குவாரிகளில் அது கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் உலகம் அந்த நீலத்தைக் கண்ணாரக் கண்டது. இன்று எந்த நாட்டு மியூசியத்திலும் நல்ல கேவன்சைட்டைப் பார்த்தால் லேபிளில் பெரும்பாலும் வாகோலி என்றுதான் இருக்கும். நான் புனேவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் அந்தப் பக்கம் போனால் ஜல்லி உடைக்கும் கிரஷர் சத்தம்தான். இப்போது வரிசையாக அடுக்குமாடி வீடுகள்.

அந்த வட்டாரம் முழுக்க எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து வழிந்து, அடுக்கின் மேல் அடுக்காக இறுகி, இன்று சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. குழம்பு இறுகும்போது உள்ளே மாட்டிக்கொண்ட வாயு, குமிழ் குமிழாக நின்றுபோனது. பிற்காலத்தில் பாறைக்குள் ஊறி இறங்கிய வெந்நீர், தான் கரைத்துக்கொண்டு வந்ததை அந்தக் குமிழ்ச் சுவர்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியவிட்டது. ஸ்டில்பைட், ஹ்யூலண்டைட், அபோஃபிலைட், ஒகெனைட், உன் கேவன்சைட் எல்லாம் அப்படி வந்தவை. வெள்ளைக்காரன் காலத்தில், 1850களின் கடைசியில், போர் காட் மலையில் ரயில் பாதைக்குப் பாறையை வெட்டியபோதே இந்த இனத்துப் படிகங்கள் கப்பலேறிப் போயிருக்கின்றன.

குமிழ் பெரிதாக இருந்தால் படிகமும் பெரிதாக வளரும். வளர்ந்து பக்கத்துப் படிகத்தில் முட்டும். பிறகு குவாரியில் வெடி வைக்கும்போது முனை தெறிக்கும். உள்ளங்கை அளவுப் படிகம் ஒன்று எல்லா முனையும் எல்லா விளிம்பும் குறையாமல் வெளியே வருவது அபூர்வம். வந்தால் அதன் விலை நம் குடும்பத்துக்கு ஆகாது. மிளகு அளவுக் குழிக்குள் அரை மில்லிமீட்டரில் வளர்ந்தது அப்படி இல்லை. நாலு பக்கமும் தாராளமாக இடம். முட்டுவதற்கு ஆளில்லை. வெடி அதிர்ச்சி அந்தச் சின்னக் குழியை எட்டிப் பார்க்காமல் போய்விடுவதும் உண்டு. ஜல்லிக்குப் போகும் கல்லிலேயே குறையில்லாத படிகம் உட்கார்ந்திருக்கும், காலணா செலவில்லை. இதுவரை உலகத்தில் பெயர் வைத்திருக்கும் கனிமங்கள் சுமார் 6000. அவற்றில் பெரும்பாலானவை வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்வதே இல்லை. பாதிக்குப் பாதி, உலகம் முழுக்க ஐந்து இடங்களுக்கு மேல் கிடைப்பதும் இல்லை.

என் சம்பளம் கல்லூரி லேப் சம்பளம். அதை வைத்துக்கொண்டு முதல் தரமான ஒன்றை வீட்டில் வைக்க வேண்டுமானால் அளவைக் குறைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. தரத்தைக் குறைப்பது வழி இல்லை. நண்பர்களோடு கம்பெனி தொடங்கப்போகிறேன் என்று சொன்னாயே, அதற்கும் இதைத்தான் சொல்வேன். ஊர் முழுக்க அரைகுறையாகச் செய்வதைவிட ஒரே தெருவுக்கு ஒழுங்காகச் செய்.

இந்தச் சின்னப் படிகப் பித்து புதிது இல்லை. 1665இல் ராபர்ட் ஹூக் தன் மைக்ரோகிராஃபியா புத்தகத்தில் ஈயோடும் தெள்ளுப்பூச்சியோடும் கூடவே, உடைந்த சிக்கிமுக்கிக் கல்லின் பொந்துக்குள் மின்னிய பொடிப் படிகங்களுக்கும் ஓர் அத்தியாயம் கொடுத்திருக்கிறார். இப்போது நாங்கள் செய்வதுபோல் ஒவ்வொரு படிகத்தையும் தனி டப்பாவில் நிறுத்தி வைக்கும் பழக்கம் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1870களில் வேர்விட்டது. ரேக்ஸ்ட்ரா என்பவரை அதன் தந்தை என்பார்கள். அடுத்த நூற்றாண்டில் நீல் யெட்லின் என்று ஒருவர். மினரலாஜிகல் ரெக்கார்ட் என்ற இதழ் 1970இல் தொடங்கியதிலிருந்து இந்தக் கலையைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை, சேகரிப்பவர். அரிசோனாவின் டைகர் சுரங்கத்துக் கல்லில் வந்த செவ்வூதா நிறப் படிகம் ஒன்றுக்கு 1974இல் அவர் பெயரையே வைத்தார்கள், யெட்லினைட் என்று. அதுவும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத சாதிதான். சின்னதைப் பார்த்தவருக்குச் சின்னதிலேயே மரியாதை.

சரி, வேலைக்கு வருவோம். படிகத்தை முதலில் நிறுத்த வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்றே சுமார் 22 மில்லிமீட்டர் சதுர டப்பா விற்கிறார்கள். நான் நகைக்கடையில் மூக்குத்தி வைத்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பாவைத்தான் சேர்த்து வைப்பேன். உள்ளே பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். நடுவில் ஒரு கால். சிலர் கார்க் வைப்பார்கள், சிலர் பல்குச்சி, சிலர் கள்ளிமுள். எனக்கு விளக்குமாற்று ஈர்க்குதான். அது மெல்லிசு, அதே சமயம் வளையாது. கறுப்பு அடித்துவிட்டால் பார்வைக்கு மறைந்துவிடும். அதன் நுனியில் படிகம் ஒட்டிய கல்துண்டை உட்காரவைக்கிறோம். கால் படிகத்தைவிடத் தடிமனாக இருந்தால் பார்ப்பவன் கண் காலுக்குத்தான் போகும். தாங்கி நிற்பவர் மறைந்து நிற்பதும் ஒரு கைவேலைதான், உன் அம்மாவைக் கேள்.

பசையில் கவனம். நம் வீட்டு வெள்ளைப் பசை போதும். ஒட்டிய கோணம் பிடிக்காவிட்டால் நாளைக்குத் தண்ணீர் தொட்டுக் கழற்றிக்கொள்ளலாம். நொடியில் ஒட்டும் சூப்பர் குளூவை இந்த வேலைக்குக் கிட்டேயே கொண்டுவராதே. அது காயும்போது கிளம்பும் ஆவி படிகத்தின் முகத்தில் வெண்படலமாகப் படியும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, டப்பா மூடியாயிற்று, லேபிள் ஒட்டியாயிற்று, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருப்பாய். லென்ஸுக்குக் கீழே வைக்கும் நாளில்தான் அந்தப் படலம் தெரியும். எதை எடுத்தாலும் அவிழ்க்க முடிகிற முடிச்சாகப் போடு என்று உன் தாத்தா சொல்வார். அவர் பசையைப் பற்றிச் சொல்லவில்லை.

சுத்தம் செய்வதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. கேவன்சைட் கொஞ்சம் தாங்கும்; ரப்பர் பந்து ஊதுகுழலால் ஊதலாம், மென்மையான பிரஷ் நுனியால் தொடலாம். ஒகெனைட் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளை முடிப் பந்தாக இருக்கும், தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கும். தொட்டால் முடிந்தது. அந்த இழைகள் ஒன்றோடொன்று படிந்துவிட்டால் மறுபடி நிமிராது. தண்ணீரும் கூடாது, பிரஷும் கூடாது. தூசி விழுந்த ஒகெனைட் தூசியோடு இருக்க வேண்டியதுதான். அதனால் அதைக் கண்ட நிமிடமே மூடிவிட வேண்டும். உப்புப் படிகத்தைக் கழுவினால் படிகமே போய்விடும். லாமண்டைட் இன்னொரு விதம்: யாரும் தொடவே வேண்டாம், வறண்ட காற்றில் தன்னுள் இருக்கும் நீரை இழந்து தானாகவே பொடிந்து உதிரும். எல்லாவற்றையும் ஒரே பிரஷால் துடைக்கிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. ஆட்களிடம் பழகுவதிலும் எனக்கு இதே அபிப்பிராயம்தான், அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

பென்ட்லி என்ற ஒரு விவசாயியைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம், ஜெரிக்கோ என்ற ஊர். பனிக்கட்டியும் கனிமம்தான், தெரியுமோ? 1885 ஜனவரி 15 அன்று நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி, ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார் அவர். அப்போது அவருக்கு வயது 19. வாழ்நாளில் 5000க்கு மேல் எடுத்தார். கறுப்புப் பலகையில் பனியை ஏந்தி, விளக்குமாற்றுக் குச்சியால் ஒரே ஒரு படிகத்தைத் தொட்டெடுத்து, கண்ணாடியில் வைத்து, இறகால் மெல்லத் தட்டிப் படியவைப்பார். மூச்சுப் பட்டால் உருகிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார். சூடு கூடாது என்பதால் கணப்பில்லாத கொட்டகையில் வேலை. விளக்குமாற்றுக் குச்சி அவருக்கும் உதவியிருக்கிறது என்று படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். அவர் செய்த இன்னொரு காரியமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது உன் பின்பக்கப் புகை. பத்து மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி லென்ஸை வைத்தால் ஒரு தடவைக்குத் தெளிவாகத் தெரியும் ஆழம் சில மைக்ரான்தான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஒரு முடியையே முன்னும் பின்னும் தெளிவாக ஒரே படத்தில் எடுக்க முடியாது என்று அர்த்தம். சாதாரண கேமரா வைத்திருப்பவன் உடனே என்ன செய்வான்? லென்ஸின் துளையைச் சுருக்குவான், ஆழம் கூடும் என்று. சாதாரணப் படத்தில் கூடும். ஐந்து மடங்கு பெரிதாக்கும்போது எஃப் 22 என்று வைத்தால், அது நடைமுறையில் எஃப் 132 ஆகிவிடும். அவ்வளவு சின்னத் துளையில் ஒளியே பரவிக் கலங்கி, முன்னால் இருந்த தெளிவும் போய்விடும். எல்லாமே ஒரே நேரத்தில் தெளிவாக வேண்டும் என்று இறுக்கினால் எல்லாமே சமமாக மங்கும்.

ஆகவே துளையைத் திறந்தே வைத்து, வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்குகிற மாதிரி படிகத்தைத் துண்டு துண்டாகப் படம் எடுக்கிறோம். கேமராவைத் திருகு வைத்த தண்டவாளத்தில் ஏற்றி, முன்முனையில் ஃபோகஸ் பண்ணி ஒரு படம், ஆறு மைக்ரான் நகர்த்தி அடுத்த படம், மறுபடி ஆறு மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கே 160 படத்துக்கு மேல் ஆகும். எல்லாவற்றையும் ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் மாதிரி ஒரு மென்பொருளில் போட்டால், ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் பகுதியை மட்டும் பொறுக்கி ஒரே படமாக்கிக் கொடுக்கும். நடுவில் ஓர் அடியைத் தாண்டிப் போய்விட்டால் அந்த இடத்தில் மங்கலாக ஒரு பட்டை விழும். அதற்கு முன்னாலும் பின்னாலும் எவ்வளவு நன்றாக எடுத்திருந்தாலும் அந்தப் பட்டையை நிரப்ப வழி கிடையாது, ஏனென்றால் அந்தத் தகவல் எந்தப் படத்திலும் இல்லை. முதல் அடியும் கடைசி அடியும் எல்லாருக்கும் நினைவிருக்கும். விட்டுப்போவது எப்போதும் நடுவில்தான், கை பழகி மனசு வேறெங்கோ போகிற இடத்தில்.

அதிர்வு அடுத்த எதிரி. பத்து மடங்கில் ஒரு படத்தின் அகலம் சுமார் 2.3 மில்லிமீட்டர். அதை 6000 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளிக்கு அரை மைக்ரான்கூட வராது. தெருவில் பஸ் போனால் படம் அசையும். ஃபேன் சுற்றினால் அசையும். கேமராவின் கண்ணாடி எழும்பி விழும் அதிர்ச்சியே போதும் கெடுக்க. சமையல்மேடைக்கு வாங்கி மிஞ்சிய கடப்பைக் கல் பலகைக்குக் கீழே சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டு, அதன்மேல் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறேன். கேமராவையும் கல்லையும் ஒரே பலகையில் வைப்பதுதான் சூட்சுமம். ஆடினாலும் இரண்டும் சேர்ந்து ஆடும். இரவு பதினொன்றுக்கு மேல், தெரு அடங்கிய பிறகு, ஃபேனை நிறுத்திவிட்டு வேலை. உன் மாமா இதற்காகவே ஹாலில் படுக்கப் பழகிக்கொண்டார்.

உன் பஞ்சு இழைக்கு ஒரு கணக்கு. 2.3 மில்லிமீட்டர் அகலத்தை ஓர் அடி அகலத்துக்கு அச்சிட்டால், முடி அளவு இழை ஒன்று ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கும். எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் ஊதியிருந்தால் தீர்ந்திருக்கும். எடுத்த பிறகு கணினியில் அழிப்பது ஒரு ராத்திரி வேலை. அப்போதும் அழித்த தடம் தெரியும்.

வெளிச்சம்தான் எனக்குப் பிடித்த பகுதி. இரண்டு எல்இடி விளக்கை நேராக அடித்தால் படிகத்தின் முகம் ஒன்று வெள்ளையாக வெடித்து நிற்கும், மற்றதெல்லாம் இருட்டு. டேபிள் டென்னிஸ் பந்தைப் பாதியாக அறுத்து, லென்ஸ் நுழைய ஓட்டை போட்டு, படிகத்தின் மேல் கவிழ்த்து, விளக்கை வெளியிலிருந்து அடித்தால் ஒளி வடிந்து மெத்தென்று இறங்கும். இதைக் கற்றுக்கொண்டவுடன் எல்லாரும் ஒரு பள்ளத்தில் விழுவார்கள்: சுற்றிலும் சமமான ஒளி. சமமான ஒளியில் முகங்களெல்லாம் ஒரே வெளிறலாகி, எங்கே ஒரு முகம் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியாது. பந்துக்கும் விளக்குக்கும் நடுவே விரல் நகமளவுக் கறுப்பு அட்டை ஒன்றைச் செருகிப் பார். ஒரு முகம் மட்டும் கொஞ்சம் இருளும், விளிம்பு கோடாக எழுந்து நிற்கும். அபோஃபிலைட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டும்; மேல்முகம் முத்துப் பளபளப்பு, பக்க முகங்கள் கண்ணாடிப் பளபளப்பு, இரண்டும் பிரிந்து தெரியும் அந்த நேரத்துக்காகத்தான் நான் இத்தனை ராத்திரி ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் நீல உருண்டையையும் அப்படிப் பார்த்தால் உருண்டை காணாமல் போகும். நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் விரிந்த கத்தி முனைகள்தான் இருக்கும். கூடவே பென்டகனைட் கிடைத்தால் விடாதே. கேவன்சைட்டுக்கும் அதற்கும் ரசாயனச் சேர்மானம் ஒன்றேதான், அணுக்கள் அடுக்கிய முறைதான் வேறு. ஐந்து படிகங்கள் ஒட்டிப் பிறந்து, குறுக்குவெட்டில் ஐந்து முனை நட்சத்திரமாக நிற்கும். அந்தப் பெயரே அதனால் வந்ததுதான்.

பென்ட்லி செய்த அந்தக் காரியம் என்னவென்றால், படிகத்தின் ஓரத்தைச் சுற்றி நெகடிவின் பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவார். அச்சிட்டால் பின்னணி கன்னங்கரேலென்று வரும், வெள்ளைப் படிகம் தனியாக மின்னும். நகல் நெகடிவில்தான் செய்தார், மூலத்தைத் தொடவில்லை. ஆனாலும் இது சரியா தப்பா என்ற சர்ச்சை வராமல் இல்லை. என் தீர்ப்பு இது: பின்னணியைக் கறுப்பாக்குவது சரி, படிகத்தைத் திருத்துவது தப்பு. படம் எடுக்கும்போது வந்து விழுந்த தூசியை நீக்கலாம், அது நம் வீட்டுத் தூசி. முனை உடைந்திருந்தால் உடைந்தபடியே விட வேண்டும். மேலே தொற்றிக்கொண்டு வளர்ந்த அழுக்கு நிற ஸ்டில்பைட்டை 'படம் எடுப்பாக இல்லை' என்று அழித்தால், கோடிக்கணக்கான வருஷம் முன்னால் எது முதலில் வளர்ந்தது, எது அதன்மேல் வளர்ந்தது என்ற சாட்சியை அழிக்கிறாய். மென்பொருளும் தன் பங்குக்குப் பொய் சொல்லும். ஊடுருவித் தெரியும் படிகத்தில் முன்முகமும் பின்முகமும் இரண்டுமே தெளிவாகக் கிடைப்பதால், இரண்டையும் ஒட்டி இல்லாத ஒரு முகத்தை உண்டாக்கிவிடும். ஒன்றை ஒன்று தாண்டும் ஊசிகளின் ஓரத்தில் ஒளிவட்டம் போட்டுவிடும். கல்லை மறுபடி நுண்ணோக்கியில் வைத்து, படத்தோடு ஒப்பிட்டு, எது உண்மை என்று பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதே. படத்தின் கீழே அதன் அகலத்தை எழுது: 2.3 மில்லிமீட்டர், 0.8 மில்லிமீட்டர், எதுவோ அது. அளவு சொல்லாத பெரிதாக்கலை நான் நம்புவதில்லை.

கடைசியாக லேபிள். இதில் நான் கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள். கனிமத்தின் பெயர் எழுதாவிட்டால்கூடப் பரவாயில்லை, அதை நாளைக்குச் சோதித்துக் கண்டுபிடிக்கலாம். கிடைத்த இடம் எழுதாவிட்டால் எந்தச் சோதனையும் திருப்பிக் கொடுக்காது. சேகரித்தவர் போன பிறகு வீட்டார் அந்த டப்பாக்களை என்ன செய்வார்கள்? இடம் எழுதியிருந்தால் மியூசியம் வாங்கிப் பார்க்கும். எழுதாததைப் பழைய பிளாஸ்டிக்கோடு போடுவார்கள். கையில் கிடைத்த அன்றைக்கே எழுது. நாளைக்கு எழுதலாம் என்று வைத்த கல் எல்லாம் அநாதைக் கல்.

பெயர்களிலும் ஒரு நியாயம் வேண்டும். உலகச் சந்தையில் சுற்றும் வாகோலிக் கற்களின் லேபிளில் விற்றவர் பெயர் இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்கும், முன்பு வைத்திருந்தவர் பெயரும் இருக்கும். வெயிலில் நின்று வெடி வைத்து, சிதறிய கல்லைப் புரட்டி, இந்த நீலம் ஜல்லிக்குப் போகக்கூடாது என்று கண்டுகொண்டு ஒதுக்கி வைத்தவர் பெயர் இருக்காது. அவர் கண் இல்லாவிட்டால் அந்தப் படிகம் இந்நேரம் ஏதாவது ரோட்டுக்கு அடியில் கிடக்கும். எனக்கு இது உறைத்ததற்குக் காரணம் உண்டு. பாறையை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்த்துக் கொடுப்பதுதான் கல்லூரியில் நான் பார்த்த வேலை. கொஞ்சம் அதிகம் தேய்த்தால் பாறையே காணாமல் போகும். அந்தச் சீவல்களை வைத்து எத்தனையோ கட்டுரைகள் வெளிவந்தன. தேய்த்தவள் பெயர் எதிலும் வந்ததில்லை. அதனால் என் டப்பாக்களின் அடியில், கல்லைக் கொடுத்த குவாரித் தொழிலாளி தன் பெயரைச் சொல்ல இஷ்டப்பட்டிருந்தால் அதுவும் இருக்கும், சில இடத்தில் அவர் மனைவியின் பெயர், ஏனென்றால் பொறுக்கி எடுத்தது அவள். நீ நாளைக்கு மேனேஜர் ஆகி ஏதாவது அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது, அதைத் தேய்த்துக் கொடுத்தது யார் என்று ஒரு தடவை விசாரி.

கேமரா இப்போது வாங்காதே. பத்து மடங்கு கைலென்ஸ் ஒன்று வாங்கி, ஆறு மாதம் வெறுமனே பார். பார்க்கத் தெரிந்த பிறகு எடுக்கலாம்.

உன் அப்பாவிடம் ஒரு சின்னப் பெட்டி கொடுத்தனுப்புகிறேன். உள்ளே கேவன்சைட் ஒன்று, அபோஃபிலைட் ஒன்று, ஒகெனைட் ஒன்று. ஒகெனைட் டப்பாவை மட்டும் திறக்காதே, மூடியின் வழியாகவே பார். மற்ற இரண்டையும் திறக்கலாம், ஃபேனுக்குக் கீழே வேண்டாம். ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் கனிமம், இடம், தேதி, எடுத்துக் கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன், யாரிடம் போயிற்று என்று எழுத. உன் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுது. பால்பாயிண்ட் பேனா மை நாளாவட்டத்தில் வெளிறிப்போகும்.

அன்புடன்,
அத்தை